மணிக்கட்டில் ஒரு துளி இன்சுலின்

இன்று மத்தியானம் கிளினிக்கில் ஒரு துளி இன்சுலின் என் மணிக்கட்டில் விழுந்தது. வடக்கே பார்சிப்பனியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மகனோடு இங்கே, டெக்சாஸின் கேட்டி ஊருக்குக் குடிவந்த ஒரு அங்கிள், முதல்முறையாக ஊசி போட்டுக்கொள்ளப் பழக வந்திருந்தார். இன்சுலின் பேனாவில் ஊசியைப் பொருத்தியதும் முதலில் இரண்டு யூனிட்டைக் காற்றில் விட்டுப் பார்க்க வேண்டும், மருந்து சரியாக வருகிறதா என்று தெரிவதற்காக. மேல்நோக்கிப் பிடியுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் என்னை நோக்கிப் பிடித்து அழுத்திவிட்டார். "ஐயையோ, உங்களுக்கே போட்டுட்டேனாம்மா?" என்று எழுந்து நின்றார் பாவம். "ஒண்ணும் ஆகாது அங்கிள், தோல் மேலதான பட்டுது. உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

குழாய்க்கு முன்னால் நின்றவள் நின்றபடியே இருந்தேன். குழாயைத் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற சிநேகிதி, இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்.

இன்சுலினுக்கு வாசனை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. புதிதாகப் பிரித்த பிளாஸ்திரியும், பினாயில் போட்டுத் துடைத்த ஆஸ்பத்திரி வராந்தாவும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. மல்லிகைப் பூ, மண்வாசனை என்று உருகுகிறவர்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள். உன் சமையலறையில் அது கடுகு, கறிவேப்பிலை தாளிக்கிற வாசனையோடு கலந்து வரும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். நீ சட்டையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு, பேனாவை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "காத்துக்கு ரெண்டு, மிச்சம் எனக்கு" என்று சொல்லியபடியே குத்திக்கொள்வாய். அடுத்த நொடி கரண்டி உன் கையில் இருக்கும். பேச்சு ஒரு சொல்கூடத் தடைப்பட்டிருக்காது.

நாம் முதலில் சண்டைதான் போட்டோம், நினைவிருக்கிறதா? நான் அப்போது மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நிற்கிற ஃபார்மஸிஸ்ட். நீ இன்சுலின் வாங்க வந்தாய். எல்லோருக்கும் ஒப்பிப்பதை உனக்கும் ஒப்பித்தேன்: ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெயிலில் காரில் விடாதீர்கள், இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டுத் தூத்துக்குடித் தமிழில் நிதானமாக ஆரம்பித்தாய். "நான் பாவாடை சட்டை போட்ட காலத்துல இருந்து குத்திக்கிட்டு இருக்கேன். டப்பாவுல எழுதியிருக்கத எனக்கே வாசிச்சுக் காட்டுதீங்களே, இதுக்கா இம்புட்டுப் படிச்சீங்க?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை மறைக்கத் தெரியாமல், "அப்ப நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் நீ சிரித்தாய்.

உன்னுடைய சர்க்கரை நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற சர்க்கரை இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போதே உன் உடம்பு இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிட்டது. நீ எதையோ தின்றதால் அது வரவில்லை, எதையும் தின்னாமல் விட்டால் அது போகவும் போகாது. இதை இந்த ஊர் ஆன்ட்டிமார்களுக்கு விளங்கவைக்க யாராலும் முடியவில்லை. "சின்ன வயசுல ஸ்வீட் நிறைய சாப்பிடுவியோ?" என்று ஒவ்வொரு பர்த்டே பார்ட்டியிலும் யாராவது கேட்பார்கள். "ஆமா ஆன்ட்டி, தொட்டில்லயே லட்டு பிடிச்சு வச்சிருந்தாங்க" என்பாய், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

பிறகு அந்த மத்தியானம். கடையில் கூட்டம் இல்லை. அதற்குள் நீ என்னை உரிமையோடு 'ஏட்டி' போட்டுக் கூப்பிடுகிற அளவுக்கு நெருங்கியிருந்தோம். நீ கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அஞ்சாறு நாளா காரணமே இல்லாம சுகர் ஏறுதுட்டி. சாப்பாடும் அதேதான், ஊசியும் அதேதான். சளி, காய்ச்சலும் இல்ல. உள்ள ஆள் வந்திருக்கோன்னு ஒரு சந்தேகம்" என்றாய். என் கடை அலமாரியிலிருந்தே கர்ப்பச் சோதனைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். கடையின் பின்னால் இருக்கும் ரெஸ்ட்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாய். உன் முகமே சொல்லிவிட்டது.

உன் கணவர் சேவியருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிவதற்கு முன்பே உன் இரத்தத்துக்குத் தெரிந்திருந்தது. கடுகளவுகூட ஆகாத ஓர் உயிர் வந்து சேர்ந்ததும், ஆளைப் பார்க்காமலே ஆள் வந்ததைச் சொல்லுமா ஒரு உடம்பு? நான் மருந்துகளைப் பற்றிப் பத்து வருடம் படித்தவள். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக மயிர் கூச்செறிந்தது.

அதற்கு முன்பு ஒரு குழந்தை நான்கு மாதம்கூட நிற்காமல் போயிருந்தது உனக்கு. ஊரில் உன் சொந்தக்காரர்கள், இனி இந்தப் பேச்சே வேண்டாம், ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே டாக்டர் மட்டும், முடியும், ஆனால் ஒரு நாள்கூட கண்ணயர முடியாது என்றார். நீ அந்த முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு உனக்கு வேறு எதுவும் முக்கியமாக இல்லை. வேலை, வீடு, கிரீன் கார்டு எல்லாம் பின்னால் போய்விட்டன. இந்தக் குழந்தை வேண்டும், அவ்வளவுதான்.

கையில் ஒட்டியிருந்த சென்சார் உன் சர்க்கரையை விடாமல் அளந்து உன் போனுக்கு அனுப்பும். அதையே இன்னொருவர் போனிலும் பார்க்க வழி உண்டு. "சேவியர் பயந்தாங்கொள்ளி, நம்பர் ஆடுனா அவரும் ஆடுவாரு. நீ பாரு" என்று என் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாய். அன்று முதல் மாத்திரை எண்ணும்போதும், பால் வாங்கும்போதும், ஃப்ரீவே நெரிசலில் நிற்கும்போதும் உன் இரத்தம் என் பையில் இருந்தது. ஒரு எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஒருத்தியின் உயிர் எப்படிக் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கி ஓடுகிறது என்பதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கோயிலில் திரை விலகும்போது கூட நான் அவ்வளவு ஒன்றிப் பார்த்ததில்லை.

என்னைப் படிக்கச் சொன்னவளும் நீதான். நீரிழிவு நோயாளிகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு இங்கே தனியாக ஒரு சான்றிதழ் உண்டு, அதற்குப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு என்று எனக்கு ஏற்கனவே தெரியும். ஆனால் எனக்கு அது யாரோ செய்கிற வேலையாக இருந்தது. "ஏட்டி, கவுன்ட்டர் அந்தப் பக்கம் நின்னு பெட்டிய நீட்டுறதுக்கு ஒரு ரோபோ போதும். இந்தப் பக்கம் வா" என்றாய். மேலாளரிடம் கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு கிளினிக்கில் பயிற்சிக்குப் போனேன். சாயந்திரங்களில் உன் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். நீ எதிரில் உட்கார்ந்து வயிற்றைத் தடவியபடி பீன்ஸ் நறுக்குவாய்.

கிளினிக்கில் எனக்கு முதலில் பிடிபட்டது நம் ஆட்களின் ஒரு குணம். சர்க்கரை அளவை அவர்கள் பரீட்சை மார்க்காகத்தான் பார்க்கிறார்கள். நூற்றைம்பது என்றால் குரல் கம்மிப்போகும். நூறு என்றால் மனைவியைப் பெருமையோடு திரும்பிப் பார்ப்பார்கள். டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டு வருவார்கள், அந்த டெஸ்ட் மூன்று மாதக் கதையைச் சொல்லும் என்று தெரியாமல். நான் வந்து உன்னிடம் புலம்புவேன். "நீயும் அப்படித்தானட்டி கேக்க. 'என்ன வந்துச்சு'ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி கேட்டா அவங்க என்ன செய்வாங்க?" என்பாய். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மார்க்குன்னா நல்லது கெட்டது உண்டு. இது செய்தி. செய்தி வந்தா, என்ன சேதின்னு கேக்கணும், அவ்வளவுதான்" என்றாய். நான் ஏதோ ஒரு நல்ல வாக்கியம் என்று தலையாட்டிக்கொண்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய எனக்கு இன்னும் சில மாதம் ஆயிற்று.

ஆறாம் மாதத்திலிருந்து நஞ்சுக்கொடி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. குழந்தைக்கு உணவு ஊட்டுகிற அந்த உறுப்பு, வளர வளர, தாயின் இன்சுலினை எதிர்த்துத் தள்ளும். குழந்தைக்குச் சர்க்கரை போய்ச் சேர வேண்டுமே, அதற்காக. மற்ற தாய்மார்களின் உடம்பு தானாகக் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். உனக்கு அது பேனாவில்தான் இருந்தது. வாரா வாரம் ஊசியின் அளவு ஏறியது. முன்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு, பிறகு அதற்கும் மேல். வேறு யாராக இருந்தாலும் மிரண்டிருப்பார்கள். நீ பெருமைப்பட்டாய். "உள்ள உக்காந்துக்கிட்டு என் ஊசியோட மல்லுக்கட்டுதா பாரு. எவ்வளவு போட்டாலும் பத்தலங்கா. நல்ல பலசாலிதான்" என்பாய். பெண் குழந்தை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மல்லுக்கட்டுதான் உன் பேச்சு.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு. உன் மாமியார் தூத்துக்குடியிலிருந்து டப்பா நிறைய மக்ரூனோடு வந்து இறங்கியிருந்தார். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்கிற உங்கள் ஊர்ப் பலகாரம், வாயில் வைத்தால் கரைந்து போகும். வந்த நாளிலிருந்து அவர் காலையில் உனக்கு வெந்தயத் தண்ணீரும், சாயந்திரம் மாதாவுக்கு ஜெபமாலையும் தவறவிடவில்லை. அந்த வாரம் உன் சர்க்கரை அடங்கி அழகாக நிற்க ஆரம்பித்தது. உன் போனில் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டைச் சேவியர் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "அம்மா வந்த ராசி" என்றார். பயிற்சிக் கிளினிக்கில் என் மேற்பார்வையாளரிடம்கூட நான் உன் கோட்டைக் காட்டி, எவ்வளவு அழகு பாருங்கள் என்றிருப்பேன். அன்றைக்கு அவர் விடுமுறை.

சனிக்கிழமை உன் வீட்டு ஹால் முழுக்கப் பட்டுப் புடவை. கைநிறைய கண்ணாடி வளையல். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சாதம். அவ்வளவுக்கும் கணக்குப் போட்டு ஊசியைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாய், பக்கத்தில் இருந்து நான் பார்த்தேன். ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். மாமியார் ஒரு மக்ரூனை ஊட்டினார், நீ இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாய். நியாயமாகப் பார்த்தால் அம்புக்குறி மேலே போக வேண்டும்.

உன் போனும் என் போனும் ஒரே நேரத்தில் கத்தின. அம்புக்குறி செங்குத்தாகக் கீழே நின்றது.

உன் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. இன்னொரு மக்ரூனை யாரோ நீட்டினார்கள். அதில் முந்திரி இருக்கிறது, கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும், ஆகவே தள்ளிவிட்டு, குழந்தைகளுக்கு வைத்திருந்த ஆப்பிள் ஜூஸை உன் வாயில் வைத்தேன். மூச்சு விடாமல் குடித்தாய். எண் மெல்லத் திரும்பியது. கூடியிருந்தவர்களுக்கு ஒரே ஆனந்தம். "பாத்தியா, வளையல் ஏறுனதும் சுகர் இறங்கிடுச்சு!" என்றார் ஒரு ஆன்ட்டி. "ரெண்டு ஸ்வீட் சாப்பிட்டும் ஏறலையே! எல்லாம் கொழந்தையோட ராசி" என்றார் இன்னொருவர். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். நீ எல்லோரையும் பார்த்துச் சிரித்தாய். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து, படுக்கையறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாய்.

"ஒரு வாரமா ஊசியக் குறைச்சுக்கிட்டே வாரேன்ட்டி. இன்னைக்கு இம்புட்டுத் தின்னும் இறங்குது. என் உடம்பு எனக்குத் தெரியும். அது இவ்வளவு நல்ல பிள்ளை இல்ல" என்றாய். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். "மல்லுக்கட்டுதத நிறுத்திட்டாட்டி. உன் புக்குல இதுக்கு என்ன போட்டிருக்கு?"

புத்தகத்தில் போட்டிருந்தது. உன் மேசையில் வைத்துத்தான் படித்திருந்தேன். கடைசி மாதங்களில் இன்சுலின் தேவை சட்டென்று சரிந்தால், நஞ்சுக்கொடி தளர்ந்து வருகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். எல்லா நேரமும் அப்படி இருக்காது, ஆனால் பார்த்தே ஆக வேண்டும். அந்த வரிக்கு மஞ்சள் கோடுகூடப் போட்டிருந்தேன். அந்த மஞ்சள் வரி இப்போது பட்டுப் புடவை கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றது. நான் கார் சாவியை எடுத்தேன். அது உனக்குப் போதுமாக இருந்தது.

வழி நெடுக நீ வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அசையுட்டி, ஒரு தடவ அசைஞ்சிரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். சாவியை என்னிடமிருந்து வாங்கிச் சேவியர்தான் ஓட்டினார், மாமியாரும் கூடவே ஏறிக்கொண்டார். ஒவ்வொரு சிக்னலுக்கும் அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. ஆஸ்பத்திரியில் உன் வயிற்றில் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு இருந்தது, ஆனால் அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுவோம், நீங்கள் நேரத்தோடு வந்தது நல்லது என்றார்.

ஆபரேஷனுக்கு முன் வளையல்களைக் கழற்ற வேண்டும் என்றாள் நர்ஸ். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பது நம் வழக்கம். எல்லோரும் உன் மாமியாரைப் பார்த்தோம், என்ன சொல்வாரோ என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "என்னத்தப் பாத்துட்டு நிக்கிய? வளையலா பெருசு?" என்று நர்ஸிடமிருந்து லோஷனை வாங்கி, வீங்கியிருந்த உன் கையிலிருந்து ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் உருவினார். உருவி முடித்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவரை நான் அதுவரை வெந்தயத் தண்ணீர் கேஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் ஜெபமாலை, என் கையில் போன். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. உள்ளே போகும்போது சென்சாரைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள், ஆகையால் அந்தக் கோட்டை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஜன்னல்களில் டெக்சாஸ் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. சேவியர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அழுதபடி சிரித்தார். "அழுதுட்டாம்மா! நல்லா சத்தமா அழுதுட்டா!" என்றார். மாமியார் எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குழந்தை சிறியவள்தான், ஆனால் உயிரோடு, கோபத்தோடு இருந்தாள்.

உன்னைப் பார்க்க என்னை விட்டபோது, எல்லாத் தாய்மார்களும் எடையைக் கேட்கிற நேரத்தில் நீ வேறொன்றைக் கேட்டாய். "அவளுக்கு எவ்வளவு?" சர்க்கரையைத்தான் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. தாயின் சர்க்கரையைக் குடித்துப் பழகிய குழந்தைக்கு வெளியே வந்ததும் சட்டென்று அது குறையும். குறைந்துதான் இருந்தது. குதிகாலில் ஒரு குத்து, கன்னத்துக்குள் கொஞ்சம் சர்க்கரைப் பசை தடவினார்கள், மறுபடி ஒரு குத்து, ஏறிவிட்டது. உன்னிடம் சொன்னேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடினாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் தாயின் இன்சுலின் தேவை அன்றைக்கே விழுந்துவிடும் என்று புத்தகம் சொல்கிறது. நான் அதைப் படித்து, ஒப்பித்து, ஃபிளாஷ் கார்டு எழுதியவள். ஆனால் அந்தச் சாயந்திரம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நர்ஸ் உன் இன்சுலினைக் குறைத்து, மேலும் குறைத்து, கொஞ்ச நேரம் முழுக்கவே நிறுத்தியதைப் பார்த்தேன். மாதக்கணக்காக உன் உடம்புக்குள் நடந்த அத்தனை பெரிய இழுபறி ஒரு சொடக்கில் ஓய்ந்தது. திரையில் கோடு ஏரித் தண்ணீராகக் கிடந்தது. அத்தனை நாள் அவள் வாயில்லாமல் உன் இரத்தத்தின் வழியாகப் பேசியிருக்கிறாள். வந்ததைச் சொன்னாள். வளர்வதைச் சொன்னாள். முடியவில்லை, என்னை எடுங்கள் என்றும் சொன்னாள். இப்போது அவளுக்குச் சொந்தமாகத் தொண்டை இருந்தது, அடுத்த அறையில் வீறிட்டுக்கொண்டிருந்தாள், இனி உன் இரத்தத்தில் அவளுக்கு வேலை இல்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியாததால் உன் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தேன்.

அந்த வருடமே பரீட்சை எழுதினேன். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம், ஆகையால் சொல்ல மாட்டேன். ஒரு கேள்வியில் மட்டும் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்காணிப்பாளர் அம்மா வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்கும்வரை. தேறிய செய்தியைச் சொன்னபோது நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஜெனி, இங்க பாரு, சுகர் டீச்சர் வந்திருக்கா!" என்றாய். சான்றிதழின் பெயரை இப்போது இன்னும் நீட்டிவிட்டார்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நீ வைத்த பெயரில்தான் பாதிப் பேர் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஜெனிக்கு நீ ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாய். எல்லாவற்றையும் இங்கிலீஷில் பேசிக்கொள்ளலாம், சாப்பாட்டைத் தமிழில்தான் கேட்க வேண்டும். "ஐ'ம் ஹங்ரி" என்றால் உனக்குக் காது கேட்காது. "பசிக்குது" என்றால்தான் தட்டு வரும். அவளை மேசைக்குப் பக்கத்தில் உயர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, காற்றுக்கு இரண்டு, மிச்சம் உனக்கு என்று போட்டுக்கொண்டு, அதே கையால் சாதத்தைப் பிசைந்து ஊட்டுவாய். "கை கழுவுட்டி" என்று நான் கத்துவேன். "கழுவியாச்சு டீச்சர்" என்பாய். வாசனை போகாது.

அவளுக்கு நான்கு வயது நிறைவதற்குள் நீ போய்விட்டாய். தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்தது. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கக்கூடிய ஒரு பலவீனம் என்றார்கள். அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லை. அன்றைய கோடுகூட என்னிடம் இருக்கிறது, கடைசிவரை அழகாக, நீ ஓட்டியபடியே ஓடியது. சர்ச் வாசலில் ஒரு ஆன்ட்டி, "பாவம், சுகர் கொண்டுபோயிருச்சு" என்றார். துக்க வீடு என்றும் பார்க்காமல், "சுகர் இல்ல ஆன்ட்டி. சுகர அவ ஜெயிச்சுட்டுத்தான் போனா. வேற ஏதாவது தெரிஞ்சா பேசுங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன். சேவியர் வந்து என்னை அழைத்துப்போனார். அந்த ஆன்ட்டி இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எனக்கும் அதில் வருத்தம் இல்லை. என் போனில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. எண் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு. அழிக்க மனம் வரவில்லை.

இன்றைக்கு அந்த அங்கிள் தன் மீட்டரைக் காட்டக் கூச்சப்பட்டார். "ரொம்ப மோசமா இருக்கும்மா, திட்டாதீங்க" என்றார். "இது மார்க் இல்ல அங்கிள். செய்தி. என்ன சேதின்னு ரெண்டு பேரும் கேப்போம்" என்றேன். அவர் மீட்டரை எடுத்து மேசையில் வைத்தார். போன மாதம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி குடும்பத்தோடு வந்து, சுகர் தானாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஊசியை எப்போதிலிருந்து குறைக்கிறீர்கள் என்று கேட்டேன். பதிலைக் கேட்டதும் எழுந்து போய் டாக்டரை அழைத்துவந்தேன். அவளுக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

ஜெனிக்கு இப்போது ஏழு வயது. சேவியர் ஆபீஸ் போகிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுக்குத்தான் வருவாள். ஊரெல்லாம் ஆன்ட்டி, நான் மட்டும் சித்தி, நீ செய்துவைத்த ஏற்பாடு. உன்னை அவளுக்கு நினைவில்லை. போட்டோவைக் காட்டினால் மரியாதையாகப் பார்ப்பாள். உன் குரல் இருக்கிற வீடியோவைப் போட்டால், "ஷீ சவுண்ட்ஸ் நைஸ்" என்பாள், யாரோ ஒருத்தியைச் சொல்கிற மாதிரி. சேவியர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். தமிழும் போய்விட்டது. பசித்தாலும் இங்கிலீஷில்தான் பசிக்கும். நான் உன் சட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். அழுதாள், எனக்கு மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

போன வாரம் கிளினிக்கிலிருந்து வந்த கையோடு அவள் தலையை வாரிவிட்டேன். சீப்பைப் பிடித்திருந்த என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "சித்தி, வாட் இஸ் தட்? ஐ நோ தட்" என்றாள். என்ன வாசனை என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி முகர்ந்தாள், அதற்குள் அது போய்விட்டிருந்தது. "இட்ஸ் கான்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

இப்போது தெரிந்ததா, குழாயைத் திறக்காமல் ஏன் நின்றேன் என்று? நாள் முழுக்க ஊருக்கெல்லாம் கை கழுவுங்கள், கை கழுவுங்கள் என்று சொல்கிறவள், அந்தக் கையை மட்டும் கழுவாமல், ஸ்டீரிங்கில்கூடப் படாமல் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். பார்த்திருந்தால் ஒரு வாரம் கேலி செய்திருப்பாய்.

ஜெனி சோபாவில் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினேன். "இதானா பாரு" என்றேன். குனிந்து முகர்ந்தாள். உடனே நிமிரவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் மூச்சு என் தோலில் சூடாகப் பட்டது. உன்னைப் பற்றி ஏதாவது கேட்பாள், அழுவாள், அதற்கு என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

"சித்தி" என்றாள், கண்ணைத் திறக்காமல். "பசிக்குது."

தட்டை எடுத்துக்கொண்டு வந்து, பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டினேன்.